சாலையின் பக்கம் மாறிய நாள்: அந்த அஞ்சல்தலைகளைச் சேர்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அஞ்சல்தலை சேகரிக்க வரும் பலர் முதலில் ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். இல்லையென்றால் பறவை, ரயில், காந்தி என்று கரை தெரியாத பொருளில் இறங்கிவிடுகிறார்கள். ஆல்பம் நிறைகிறது, ஆனால் அதைப் புரட்டிப் பார்ப்பவருக்குச் சொல்ல ஒரு கதை சேர்வதில்லை. சின்ன எல்லைக்குள் ஆழமாகப் போக இடம் தரும் பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்: சாலையின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை ஒரே நாளில் மறுபக்கத்துக்கு மாற்றியபோது வந்த ஸ்டாம்புகளும், அந்த நாளை ஒட்டிப் போன கடிதங்களும்.

இதில் செலவு குறைவு. வேண்டிய ஸ்டாம்புகளில் பெரும்பாலானவை லட்சக்கணக்கில் அச்சடித்து விற்கப்பட்டவை. ஆனால் தேடலுக்குக் குறைவே இல்லை. காரணம், இந்தப் பொருளில் ஸ்டாம்பின் படத்தைவிட அதன் மேல் விழுந்த முத்திரையின் தேதிக்குத்தான் மதிப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் படிகள் எல்லாம் எளிதாகப் பிடிபடும்.

முதல் படி: நாள்களும் கிழமைகளும்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டில் பக்கம் மாறிய நாள்களை எழுதிக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு இவை போதும்:

செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரம், 26 மார்ச் 1939.
ஸ்வீடன், 3 செப்டம்பர் 1967.
ஐஸ்லாந்து, 26 மே 1968.
பர்மா, 6 டிசம்பர் 1970.
சியரா லியோன், 1 மார்ச் 1971.
நைஜீரியா, 2 ஏப்ரல் 1972.
கானா, 4 ஆகஸ்ட் 1974.
ஜப்பானின் ஓகினாவா, 30 ஜூலை 1978.
சமோவா, 7 செப்டம்பர் 2009.

இவற்றில் ஓகினாவாவும் சமோவாவும் வலதிலிருந்து இடதுக்கு வந்தவை. மற்ற எல்லாம் இடதிலிருந்து வலதுக்குப் போனவை.

அடுத்து ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கிழமையை எழுதுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எழுதி முடித்ததும் ஒன்று பளிச்சென்று தெரியும். சியரா லியோனையும் சமோவாவையும் தவிர மேலே உள்ள அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை. சாலையில் வண்டி குறைவாக இருக்கும் நாள் என்பதால் அரசுகள் ஞாயிறைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் ஞாயிறு என்றால் அஞ்சலகக் கவுண்டரும் மூடியிருக்கும். நம் சேகரிப்பின் சிக்கலும் சுவையும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கின்றன.

ஸ்வீடனில் தொடங்குங்கள்

முதல் வாங்கல் ஸ்வீடனாக இருக்கட்டும். பொருள் எளிதாகக் கிடைக்கும், பின்னணியும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

ஸ்வீடனின் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. சாலையில் இடது பக்கம் போனார்கள். ஆனால் அவர்கள் ஓட்டிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங்கும் இடது பக்கமே இருந்தது. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கத்து நாடுகளான நார்வேயும் பின்லாந்தும் வலது பக்கம் ஓட்டின. இருந்தும் 1955-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1963-இல், நாடாளுமன்றம் மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தது. மாற்றத்துக்கு 'டாகென் எச்' என்று பெயர். வலது பக்கப் போக்குவரத்தைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லின் முதல் எழுத்து அந்த 'எச்'.

1967 செப்டம்பர் 3 அதிகாலை, அவசியமில்லாத வண்டிகள் சாலைக்கு வரவே தடை. வந்திருந்த வண்டிகள் 4.50-க்கு அப்படியே நின்று, மெதுவாக வலது பக்கத்துக்கு மாறி, மறுபடி நின்று, சரியாக 5 மணிக்குக் கிளம்பின. அந்த ஓரிரவுக்காக நாடெங்கும் சுமார் 3,60,000 சாலைப் பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது.

ஸ்வீடன் அஞ்சல் துறை இதற்காக 35 ஓரே, 45 ஓரே என இரண்டு மதிப்புகளில் ஸ்டாம்ப் வெளியிட்டது (ஓரே என்பது அந்நாட்டுச் சில்லறைக் காசு). வெளியான நாள் செப்டம்பர் 2, சனிக்கிழமை. மாற்றத்துக்கு முந்தின நாள்! புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். ஸ்டாம்ப் வெளியான அன்றே முத்திரை விழுந்த உறையை 'முதல் நாள் உறை' என்பார்கள்; விற்பனைக்கு வரும் அத்தகைய உறைகளில் 2.9.1967 என்று முத்திரை இருக்கும். "சம்பவம் 3-ஆம் தேதிதானே, இது போலியோ?" என்று கேட்பார்கள். போலி இல்லை, அதுதான் சரியான முதல் நாள் உறை. மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன்பே வீட்டுக்கு வரும் கடிதத்தில் அந்தச் செய்தி ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காக வந்த ஸ்டாம்ப் அது. நினைவுச் சின்னம் என்பதைவிட அறிவிப்புப் பலகை என்று சொன்னால்தான் பொருந்தும்.

ஸ்வீடன் ஸ்டாம்பைக் கையில் எடுத்ததும் லென்ஸ் வைத்து ஓரங்களைப் பாருங்கள். நம்மூர் ஸ்டாம்பில் நான்கு பக்கமும் பல் இருக்கும். அக்கால ஸ்வீடன் ஸ்டாம்புகள் பெரும்பாலும் சுருளாகவும் சிறு புத்தகமாகவும் விற்கப்பட்டவை. சுருளிலிருந்து வந்தது என்றால் எதிரெதிரான இரண்டு ஓரங்களில் மட்டும் பல் இருக்கும், மற்ற இரண்டும் நேராக வெட்டியதுபோல இருக்கும். புத்தகத்திலிருந்து வந்தது என்றால் மூன்று பக்கம் பல், ஒரு பக்கம் நேர். "யாரோ கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள்" என்று நினைத்து நல்ல ஸ்டாம்பை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே மதிப்பு இரண்டு வடிவிலும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

நைஜீரியா, கானா

மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடுகள் இடது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி இருந்தவை பெரும்பாலும் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றவை, அவை வலது பக்கம். எல்லை தாண்டும் ஒவ்வொரு லாரியும் பக்கம் மாற வேண்டிய நிலை. ஒன்றன்பின் ஒன்றாக இந்த நாடுகளும் வலதுக்கு மாறின.

நைஜீரியா இந்த மாற்றத்துக்காக ஒரு ஸ்டாம்ப் தொகுதி வெளியிட்டது. அதை அடையாளம் காண ஓர் எளிய வழி, மதிப்பைப் பாருங்கள்: பென்ஸ், ஷில்லிங் என்ற பழைய பிரிட்டிஷ் முறைக் காசுகளில் இருக்கும். நைஜீரியா நைராவுக்கு மாறியது 1 ஜனவரி 1973-இல்தான். ஆக, சாலையின் பக்கம் மாறிய சில மாதங்களிலேயே அந்த நாட்டில் பணமும் மாறிவிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய காலத்தில் உண்மையாகவே அஞ்சலில் போன உறை கிடைத்தால் விடாதீர்கள். புது ஸ்டாம்பாக வாங்கும் தொகுதியைவிட எனக்கு அதுதான் பெரிது.

கானாவின் தொகுதி அந்நாட்டுச் சில்லறைக் காசான பெசெவா மதிப்பில் வந்தது. மாற்றத்துக்கு அங்கே 'ஆபரேஷன் கீப் ரைட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். விற்பனையாளர்களின் பட்டியலில் தேடும்போது அந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள், வெறும் 'கானா 1974' என்று தேடினால் வேறு தொகுதிகள் வந்து குவியும்.

இரண்டு நாடுகளுக்கும் ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. கேட்லாக்கில் (ஸ்டாம்புகளை எண் போட்டு விலையோடு பட்டியலிடும் புத்தகம்) ஸ்டாம்ப் வெளியான தேதியைப் பார்த்து, நோட்டில் எழுதிய மாற்ற நாளுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா? முன்னால் வந்தது என்றால் அது மக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. பின்னால் வந்தது என்றால் நடந்து முடிந்ததைப் பதிவு செய்தது. ஆல்பத்தில் இந்த இரண்டு வகையையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள்.

கேட்லாக் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிக்கெல் மூன்றும் ஒரே ஸ்டாம்புக்கு வெவ்வேறு எண் தரும். ஸ்வீடனுக்கு ஃபேசிட் என்று தனிக் கேட்லாக் உண்டு. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் பின்னால் திண்டாடுவீர்கள். எந்தக் கேட்லாக்கின் எண் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல்

முத்திரைக்கு வருவோம். இந்தச் சேகரிப்பின் உயிர் இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

மாற்றம் நடந்த அதே தேதியில் முத்திரை விழுந்த உறை வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறோம். ஞாயிறன்று பெட்டியில் போட்ட கடிதம் பல ஊர்களில் திங்கள்கிழமைதான் முத்திரை வாங்கியிருக்கும். அதனால் ஞாயிறு தேதி போட்ட சாதாரணக் கடிதங்களை மற்ற நாள்களைப்போலச் சுலபமாகப் பார்க்க முடியாது. அவற்றைத் தேட வேண்டிய இடம் பெரிய நகரங்களின் தலைமை அஞ்சலகங்கள், ரயில் நிலைய அஞ்சலகங்கள், விமான நிலைய அஞ்சலகங்கள். ஞாயிறும் அஞ்சல் பிரித்து அனுப்பும் வேலை அங்கேதான் நடந்திருக்க வாய்ப்பு.

ஞாயிறு உறை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சனி, திங்கள் என்று இரண்டு உறைகளைச் சேருங்கள். ஒரே ஊரின் முத்திரையாக இருந்தால் மிகவும் நல்லது. ஸ்டாக்ஹோம் 2.9.67, ஸ்டாக்ஹோம் 4.9.67 என்று இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், முதல் கடிதத்தை எடுத்துச் சென்ற அஞ்சல் வண்டி இடது பக்கம் போனது, இரண்டாவதை எடுத்துச் சென்றது வலது பக்கம் போனது. இந்த இரண்டு உறையிலும் அந்தச் சிறப்பு ஸ்டாம்பே இருக்க வேண்டும் என்றில்லை. சாதாரண ஸ்டாம்ப் ஒட்டிய வியாபாரக் கடிதம் என்றால் இன்னும் உண்மையாக இருக்கும். விலையும் சொற்பம், ஏனென்றால் விற்பவருக்கே அதன் தேதி முக்கியம் என்று தோன்றியிருக்காது. அதனால் 'கலவை உறைகள்' என்று கட்டாக விற்பவற்றைத் தேதி பார்த்துத் துழாவுங்கள்.

தேதியைப் படிக்கும்போது கவனம் வேண்டும். ஸ்வீடன் முத்திரையில் நாள், மாதம், ஆண்டு என்ற நம் வரிசைதான். ஜப்பான் முத்திரை அப்படியில்லை. அங்கே ஆண்டு முதலில் வரும், அதுவும் பேரரசர் ஆட்சிக் கணக்கில். ஓகினாவா மாற்றம் நடந்த 1978 என்பது ஷோவா 53. ஆகவே நீங்கள் தேட வேண்டிய முத்திரை 53.7.30. இது தெரியாததால் பலர் கண்ணில் பட்டும் கடந்து போய்விடுகிறார்கள்.

உறையை வாங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். முத்திரை ஸ்டாம்பிலும் உறையின் தாளிலும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். பாதி வட்டம் ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் தொடர்ச்சியாக ஓடினால்தான் அந்த ஸ்டாம்ப் அந்த உறைக்கே உரியது என்று நம்பலாம். அடுத்து, முத்திரைத் தேதி ஸ்டாம்ப் வெளியான தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எச்சரிக்கை. மூன்றாவதாக, உறையின் பின்பக்கம். பதிவுத் தபால் என்றால் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை பின்னால் இருக்க வாய்ப்புண்டு. முன்பக்கத் தேதியோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஸ்டாம்பைவிட உறையே பேசும் இடங்கள்

ஓகினாவாவை 1945-இல் அமெரிக்கப் படை பிடித்தபோது சாலையை வலது பக்கமாக்கியது. 1972 மே 15-இல் தீவுகள் ஜப்பானிடம் திரும்பின. ஆனால் வண்டிகள் இடது பக்கம் திரும்ப மேலும் ஆறு ஆண்டு ஆனது. மாற்ற நாளை அங்கே '730' என்று தேதியாலேயே குறிக்கிறார்கள். அமெரிக்க ஆட்சிக் காலத்தில், ஓகினாவா அடங்கிய ரியூக்யூ தீவுகளுக்கென்று தனி ஸ்டாம்ப் இருந்தது. 1972-உடன் அது நின்றுபோனது. அதனால் 1978 உறைகளில் ஜப்பான் ஸ்டாம்புதான் இருக்கும். ரியூக்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஓர் உறையை வலது பக்கக் காலத்துக்கும், ஜப்பான் ஸ்டாம்ப் ஒட்டிய நாஹா நகர உறையை இடது பக்கக் காலத்துக்கும் வைத்து இந்தப் பக்கத்தை அமைக்கலாம்.

பிராக் கதை கனமானது. 1939 மார்ச் 15-இல் ஜெர்மன் படை உள்ளே வந்தது. மார்ச் 26-இல் நகரம் வலது பக்கத்துக்கு மாறியது. ஆக்கிரமிப்பு ஆட்சியின் பெயரை மேலச்சாகப் போட்ட ஸ்டாம்புகள் ஜூலை 15-இல்தான் வந்தன. எனவே மார்ச் கடைசியில் பிராக்கிலிருந்து போன கடிதத்தில் இருப்பது செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் ஸ்டாம்ப். குடியரசு போய்விட்டது, சாலை விதியும் போய்விட்டது, ஸ்டாம்ப் மட்டும் இன்னும் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சில வார உறைகளை எடுத்து வைக்கும்போது அடியில் எழுதும் குறிப்பில் கொண்டாட்டத் தொனி வரக் கூடாது.

ஐஸ்லாந்து 1940 வாக்கிலேயே மாறத் திட்டமிட்டிருந்தது. பிரிட்டிஷ் படை தீவில் இறங்கியதால் அது தள்ளிப்போய் 1968-இல்தான் நடந்தது. சமோவாவின் காரணம் வேறு: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் நாடுகளிலிருந்து மலிவாகப் பழைய கார்களைக் கொண்டுவர வசதி. மாற்றம் திங்கள்கிழமை என்றாலும் அரசு இரண்டு நாள் விடுமுறை விட்டது. ஆகவே அங்கேயும் அன்றைய தேதி முத்திரையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. பர்மாவையும் சியரா லியோனையும் இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் அஞ்சல்தலை விற்பனைப் பிரிவில் இவை கிடைக்காது, அங்கே இந்திய வெளியீடுகள் மட்டும்தான். ஈபே, டெல்காம்ப் போன்ற இணையச் சந்தைகளையும், உள்ளூர் சேகரிப்பாளர் சங்கக் கூட்டங்களில் நடக்கும் பரிமாற்றத்தையும்தான் நம்ப வேண்டும். பரிமாற்றத்தில் உங்கள் கையில் நல்ல இந்திய முதல் நாள் உறைகள் இருந்தால் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவார்கள்.

கேட்லாக் விலையைப் பார்த்து மிரளவோ மயங்கவோ வேண்டாம். சாதாரண ஸ்டாம்புகள் சந்தையில் அதைவிட மிகக் குறைவாகவே போகின்றன. ஸ்வீடன் ஜோடிக்கு 'அரிது' என்று சொல்லி யாராவது பெரிய விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் தனித்தனியாக அஞ்சல் செலவு கொடுப்பதுதான் உண்மையில் பணத்தைத் தின்னும். ஒரே விற்பனையாளரிடம் நாலைந்தாகச் சேர்த்து வாங்குங்கள்.

தலைப்பில் 'போக்குவரத்து' என்று இருப்பதையெல்லாம் வாங்கிக் குவிக்காதீர்கள். சாலைப் பாதுகாப்பு வாரம், சிக்னல் விளக்கு, குழந்தைகள் சாலை கடப்பது என்று பல நாடுகள் வெளியிட்டவை இந்தப் பட்டியலுக்குள் தவறாக வந்துவிடும். நோட்டில் உள்ள தேதி, நாடு இரண்டோடும் பொருந்தாத எதுவும் இந்த ஆல்பத்துக்கு வேண்டாம்.

பாதுகாப்பது

கையால் தொடாமல் டுவீசரால் எடுப்பது, ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பது, பி.வி.சி. உறைகளைத் தவிர்ப்பது, இந்த மூன்றும் எந்தச் சேகரிப்புக்கும் பொது. கடலோர ஊரில் இருந்தால் பின்பசையுள்ள ஸ்டாம்புகள் மழைக்காலத்தில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

இந்தப் பொருளுக்கென்று தனியாக ஒரே ஒரு விதி: உறையிலிருந்து ஸ்டாம்பைப் பிரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை மட்டும் எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே வந்தது. இங்கே அதைச் செய்தால் ஊர், தேதி, போன வழி எல்லாம் வாளித் தண்ணீரோடு போய்விடும்.

பக்கம் எழுதுவது

ஒரு நாட்டுக்கு இரண்டு பக்கம் தாராளம். முதல் பக்கத்தில் ஸ்டாம்புகள், இரண்டாவதில் உறைகள். குறிப்பு நாலு வரிக்கு மேல் போக வேண்டாம். மாற்றம் நடந்த தேதி, கிழமை, நேரம், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம், ஏன், ஸ்டாம்ப் வெளியான நாள். இவ்வளவும் இருந்தால் பார்ப்பவருக்கு யாரும் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியதில்லை.

பின்னால் கண்காட்சியில் வைக்கும் எண்ணம் இருந்தால் 'ஓபன் கிளாஸ்' பிரிவைப் பற்றிக் கேட்டு வையுங்கள். அதில் பாதியளவாவது அஞ்சல் சார்ந்த பொருளாக இருந்தால் போதும், மீதிக்கு அக்காலத் துண்டறிக்கை, ஸ்டிக்கர், செய்தித்தாள் நறுக்கு எல்லாம் வைக்கலாம். ஸ்வீடனில் அந்த 'எச்' சின்னத்தைப் பால் பெட்டி வரைக்கும் அச்சடித்திருந்தார்கள் என்பதால் இந்தப் பொருளுக்கு அந்தப் பிரிவு கச்சிதமாகப் பொருந்தும்.

இந்த வாரமே தொடங்குவதாக இருந்தால் வாங்க வேண்டியவை: ஸ்வீடன் 35, 45 ஓரே புது ஜோடி ஒன்று, 2.9.1967 முதல் நாள் உறை ஒன்று, கானா தொகுதி ஒன்று. அவை வந்து சேர்வதற்குள் நோட்டில் கிழமைகளை எழுதி முடித்துவிடுங்கள். விற்பவருக்கு எழுதும் முதல் செய்தியிலேயே உறையின் முன், பின் இரண்டு பக்கப் படங்களையும், முத்திரையை மட்டும் நெருக்கமாக எடுத்த ஒரு படத்தையும் கேளுங்கள்.